அன்று என்ன தேதி?

அவையோர்க்கு வணக்கம். "வரலாற்றில் இன்று" என்ற தலைப்பில் நாளிதழ்களிலும் வானொலியிலும் வரும் குறிப்புகளை நான் விரும்பிப் படிப்பவன், கேட்பவன். ஆனால் அவற்றை நம்பி இரண்டு பழைய நிகழ்ச்சிகளை ஒரே நாளில் நிறுத்துவதற்கு முன், அந்தத் தேதி யாருடைய நாட்காட்டியில் எழுதப்பட்டது என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். இன்றைய உரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

ஜூலியஸ் சீசர் காலத்து நாட்காட்டி ஓர் ஆண்டுக்கு 365¼ நாள் என்று கணக்கு வைத்தது. உண்மையான பருவ ஆண்டு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. பதினோரு நிமிடம் பெரிதில்லைதான். ஆனால் 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகத் திரண்டுவிடுகிறது. பதினாறாம் நூற்றாண்டில், மார்ச் 21-ஐ ஒட்டி வரவேண்டிய சம இரவு நாள், அதாவது பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள், மார்ச் 11-க்கே வந்துவிட்டது. ஈஸ்டர் திருநாளை அந்தச் சம இரவு நாளை வைத்தே கணிப்பதால், திருச்சபைக்கு இது பெருங்கவலையாயிற்று. போப் பதின்மூன்றாம் கிரிகோரியின் ஆணைப்படி, 1582 அக்டோபர் 4 வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை ஆனது. ஆவிலா நகரத்துப் புனித தெரேசாள் உயிர்நீத்தது சரியாக அந்த இரவில்தான். அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15.

ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து முதலிய கத்தோலிக்க நாடுகள் உடனே ஏற்றன. பிரான்ஸ் அதே ஆண்டு டிசம்பரில் ஏற்றது. போப்பின் கணக்கைத் தொடமாட்டோம் என்று நின்ற இங்கிலாந்து 170 ஆண்டு தாமதித்து, 1752 செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளைச் செப்டம்பர் 14 ஆக்கியது. ரஷ்யா மாறியது 1918-இல். அதனால்தான் அக்டோபர் புரட்சியின் ஆண்டுவிழா நவம்பர் 7-இல் வருகிறது. இங்கிலாந்தில் இன்னொரு குழப்பமும் இருந்தது: அதுவரை அங்கே சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஆகவே முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்ட ஜனவரி 30, அன்றைய ஆவணங்களில் 1648. இன்றைய நூல்களில் 1649.

இவையெல்லாம் ஐரோப்பியர் விவகாரம், நமக்கென்ன என்று நினைத்துவிட வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில், ஏறத்தாழ நூறு மைல் இடைவெளியில், இரண்டு ஐரோப்பியத் தேதிகள் வழங்கின. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் புதிய கணக்கு. சென்னைப்பட்டணத்துக் கோட்டையில் ஆங்கிலேயரின் பழைய கணக்கு. ஒரு கட்டுமரம் ஓரிரு நாளில் போய்ச்சேரும் தூரத்தில் பதினொரு நாள் வேறுபாடு! 1746-இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே சென்னையை முற்றுகையிட்டுக் கோட்டையைக் கைப்பற்றிய நாள், ஆங்கிலேயர் பதிவில் செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் பதிவில் செப்டம்பர் 21. இரண்டும் சரி. ஒருவர் கணக்கில் நிகழ்ச்சியையும் மற்றவர் கணக்கில் அதன் விளைவையும் எடுத்து எழுதினால்தான் தவறு. அப்படி எழுதினால், சென்னை விழுவதற்கு முன்பே அதன் செய்தி புதுச்சேரிக்கு எட்டிவிட்டதாகக்கூடத் தோன்றும்.

சென்னை தினமாக நாம் கொண்டாடும் ஆகஸ்ட் 22-ம் இந்தச் சிக்கலுக்குத் தப்பவில்லை. 1639-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, இப்பகுதியை ஆண்ட நாயக்கரிடம் நிலம் பெற்றதை நினைவுகூரும் நாள் அது. ஆவணத்தில் இருப்பது ஜூலை 22 என்றும், டே இங்கே வந்துசேர்ந்ததே ஜூலை 27 என்பதால் மாதம் பிழையாக இருக்கவேண்டும் என்றும் ஒரு வாதம் உண்டு. அந்த வாதத்தை ஏற்று ஆகஸ்ட் 22 என்றே வைத்துக்கொண்டாலும், அது ஆங்கிலேயரின் பழைய கணக்கு. அந்த நூற்றாண்டில் வேறுபாடு பத்து நாள். இன்றைய நாட்காட்டிப்படி அது செப்டம்பர் 1. விழாக்குழுவினர் அருள்கூர்ந்து என்மீது கோபம் கொள்ள வேண்டாம். விழாவை மாற்றச் சொல்வது என் நோக்கமன்று.

இத்தனை குழப்பத்திலும் அசையாத ஒன்று உண்டு: கிழமை. போப் நாள்களைத்தான் தாண்டினார், வாரத்தைத் தொடவில்லை. நம் கல்வெட்டுகளில் அரசரின் ஆட்சியாண்டோடு கிழமையும் நட்சத்திரமும் திதியும் பொறிக்கப்பட்டிருப்பதன் அருமை இங்கேதான் விளங்கும். எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை பஞ்சாங்கக் கணிதத்தை விரித்துப் பெரும் அட்டவணைகளாக்கியபோது, அந்த மூன்றும் ஒன்றாகப் பொருந்தும் நாளைத் தேடித்தான் சோழர், பாண்டியர் காலத்து நாள்களை ஆங்கிலத் தேதிக்குக் கொண்டுவர முடிந்தது.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும், பின்னர் உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் தமிழில் எழுதிய தம் நாட்குறிப்பில் ஐரோப்பியத் தேதியோடு தமிழ் வருடம், மாதம், கிழமை ஆகியவற்றையும் சேர்த்தே குறித்தார். சென்னைக் கோட்டை விழுந்தது அட்சய வருடம், புரட்டாசி மாதம். செப்டம்பர் 10 என்ற ஆங்கிலேயருக்கும் செப்டம்பர் 21 என்ற பிரெஞ்சுக்காரருக்கும் பிள்ளையவர்களுக்கும் அன்று புதன்கிழமை.