ஈர ஓடுதளமும் ஒரு வாக்கியமும்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

லண்டன் குராய்டனில் விமானம் ஓட்டக் கற்று, பிறகு ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையே நடத்தியவர் வள்ளல் அழகப்பர். அவர் காலத்து டகோட்டா விமானத்தில் விமானி கைப்பிடியை இழுத்தால், இரும்புக் கம்பிகளும் கப்பிகளும் அந்த இழுப்பை வால்வரை கொண்டுபோய்ச் சேர்த்தன. கைக்கும் வாலுக்கும் நடுவே வேறு யாரும் இல்லை. இன்று திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் நம் ஆச்சிமார் பலர் ஏறும் ஏர்பஸ் ஏ320 அப்படிப்பட்டதன்று. 1987இல் முதன்முதலாகப் பறந்து, 1988இல் சேவைக்கு வந்த அந்த விமானத்தில் விமானியின் கை ஒரு விருப்பத்தைத்தான் தெரிவிக்கிறது. அதை மின்குறியாக வாங்கிக்கொள்ளும் கணினிகள், இறக்கையிலும் வாலிலும் உள்ள பலகைகளை எவ்வளவு அசைக்கலாம் என்று முடிவு செய்கின்றன. விமானி மூக்கை எவ்வளவுதான் தூக்க நினைத்தாலும், இயல்பான நிலையில், அபாய எல்லையைத் தாண்ட விடுவதில்லை.

அந்தக் கணினிக்குள் இருக்கும் மென்பொருளைச் சோதிப்பதுதான் பெங்களூரில் என் பிழைப்பாக இருந்தது. ஊருக்கு வந்தால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அது தப்புப் போட்டால் என்ன ஆகும்?" தப்பே போடாது என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் அது உண்மையில்லை.

பேரழிவை உண்டாக்கக்கூடிய ஒரு கோளாறு, 100 கோடி பறப்பு மணி நேரத்துக்கு ஒரு முறைகூட வரக்கூடாது என்பது இத்துறையின் அளவுகோல். இதைச் சோதித்தே நிரூபிக்க வேண்டுமென்றால், ஒரு விமானத்தை இரவு பகலாக 1,14,000 ஆண்டுகள் பறக்கவிட வேண்டும். ஆகவே "சோதித்துப் பார்த்தோம், சரியாக இருக்கிறது" என்பது எங்கள் தொழிலில் அரைகுறையான வாக்குமூலம். மீதியை ஒழுங்குமுறை ஈடுகட்டியாக வேண்டும். டிஓ-178சி என்ற விதிநூல் 2011இல் வந்தது. அதன்படி உயிர் சார்ந்த மென்பொருளில் ஒவ்வொரு வரியும், விமானம் இன்னது செய்ய வேண்டும் என்று எழுத்தில் இருக்கும் ஏதோ ஒரு தேவைக் குறிப்பை நிறைவேற்றுவதாக இருக்க வேண்டும். காரணம் சொல்ல முடியாத வரி, எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், வெளியே போக வேண்டியதுதான். எழுதியவரே சரிபார்க்கவும் கூடாது. ஒரு முடிவு மூன்று நிபந்தனைகளைப் பொறுத்தது என்றால், அந்த மூன்றில் ஒவ்வொன்றும் தனியாகவே முடிவை மாற்றுகிறது என்று சோதனையில் காட்ட வேண்டும். சலிப்பூட்டும் வேலை. நான் அதை விரும்பிச் செய்தேன், அது வேறு கதை.

இத்தனையும் ஒழுங்காகச் செய்த பிறகும் எங்கே கோட்டை விடுகிறோம் என்பதற்கு வார்சா விபத்தைச் சொல்வேன். 1993 செப்டம்பர் 14. பிராங்க்பர்ட்டிலிருந்து வந்த ஏ320 ஒன்று மழையில் இறங்குகிறது. தரையைத் தொட்டதும் இறக்கையின் மேல் தடைப்பலகைகள் எழ வேண்டும், எஞ்சின்கள் எதிர்த்திசையில் உந்த வேண்டும். இவை வானத்தில் தவறுதலாக இயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் சான்று கிடைத்திருந்தது. 1991 மே மாதம் தாய்லாந்தின் மேலே லௌடா ஏர் நிறுவனத்தின் போயிங் 767இல் ஓர் எஞ்சின் எதிர் உந்துவிசைக்கு மாறியது. 223 பேரும் மாண்டார்கள். எனவே, "உண்மையிலேயே தரையில் இருக்கிறோமா" என்று விமானம் உறுதி செய்துகொள்வது அவசியம்தான். ஏ320இன் தேவைக் குறிப்பு என்ன சொன்னது? இரு பக்கப் பிரதான சக்கரக் கால்களிலும் எடை அழுந்தியிருந்தால், அல்லது சக்கரங்கள் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் சுழன்றால், தடைப்பலகை எழலாம். எதிர் உந்துவிசைக்கு முதல் நிபந்தனை மட்டுமே செல்லும்.

படிக்கும்போது இதில் குறை காண முடிகிறதா? எனக்கும் முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அன்று பக்கக் காற்று இருப்பதாகச் சொல்லப்பட்டதால் விமானி வலப்பக்கம் சற்றுச் சாய்த்து, வேகத்தைக் கூட்டி இறக்கினார். அப்படித்தான் இறக்க வேண்டும். ஆனால் காற்று அதற்குள் திசை மாறிப் பின்னாலிருந்து தள்ளியது. வலக்கால் தரையைத் தொட்டது; இடக்கால் தொடச் சுமார் 9 விநாடி ஆயிற்று. ஓடுதளத்தில் நின்ற நீரின் மேல் சக்கரம் வழுக்கியதே தவிர போதிய வேகத்தில் சுழலவில்லை. இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறவில்லை. மென்பொருள் தனக்குச் சொல்லப்பட்டதை அட்சரம் பிசகாமல் செய்தது, அதாவது ஒன்றும் செய்யாமல் காத்திருந்தது. விமானம் ஓடுதளத்தின் முடிவைத் தாண்டி மண்மேட்டில் மோதித் தீப்பற்றியது. 70 பேரில் இருவர் இறந்தார்கள். சற்று முன் சொன்ன அத்தனை சோதனைகளிலும் அந்த நிரல் தேறிவிடும், கவனியுங்கள். ஏனென்றால் சோதனையும் தேவைக் குறிப்பின் அதே வாக்கியத்தை வைத்துத்தான் எழுதப்படுகிறது.

ஒன்றுக்கு நான்கு கணினி வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கிறார்கள். ஏ320இல் ஒரே வேலைக்கு இருவகைக் கணினிகள் உள்ளன. வெவ்வேறு செயலிகள், வெவ்வேறு குழுக்கள் எழுதிய மென்பொருள். போயிங் 777இல் மூன்று கணினிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று வேறு வகைச் செயலிகள். இரண்டு கணக்குப்பிள்ளைகளைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து ஐந்தொகை போடச் சொல்வதைப் போன்றது இது. கூட்டலில் ஒருவர் பிசகினால் மற்றவர் காட்டிக்கொடுப்பார். முதலாளி இருவருக்கும் தந்த வட்டி விகிதமே தவறென்றால், இரண்டு ஐந்தொகையும் காசு பிசகாமல் ஒத்துப்போகும், தவறாக. 1986இல் அமெரிக்காவில் ஜான் நைட், நான்சி லெவ்சன் ஆகிய இருவரும் 27 பேரைத் தனித்தனியே ஒரே கணக்குக்கு நிரல் எழுதவைத்துப் பார்த்தார்கள். தனித்தனியே எழுதியவர்களும் எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஒரே இடங்களில் இடறியிருந்தார்கள்.

போயிங் 737 மேக்ஸ் விமானம் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். 2018இலும் 2019இலும் இரண்டு விபத்துகள், 346 உயிர்கள். எதிர்வரும் காற்றுக்கு விமானம் எவ்வளவு சாய்வாக நிற்கிறது என்ற கோணத்தைக் காட்டும் சென்சார்கள் இரண்டு இருந்தும், மூக்கைக் கீழே அழுத்தும் மென்பொருள் ஒரு பறப்பில் ஒன்றின் பேச்சை மட்டும் நம்பியது. அது நுட்பமான பிழையே இல்லை என்பது என் கருத்து. யாரோ ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

நுட்பமானது வேண்டுமென்றால் 2008இல் சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்குப் போன குவாண்டாஸ் ஏ330. ஒரு தரவுப்பெட்டி அவ்வப்போது பொய்யான கோணத்தை அனுப்பியது. மென்பொருள் அதை எதிர்பார்த்தே இருந்தது: மதிப்பு திடீரென எகிறினால் புறக்கணி, பழைய மதிப்பையே 1.2 விநாடி வைத்துக்கொள். இரண்டாவது பொய் சரியாக 1.2 விநாடி கழித்து, அந்தக் காத்திருப்பு முடிந்த தருணத்தில் வந்தது; மென்பொருள் அதை மெய்யென்று நம்பியது. விமானம் தானாகவே மூக்கைக் குத்தியது. நூறு பேருக்கும் மேல் காயமடைந்தார்கள், உயிரிழப்பு இல்லை. சோதனைக்கூடத்தில் உண்மையான ஹைட்ராலிக் குழாய்களையும் அசையும் பலகைகளையும் வைத்து 'இரும்புப் பறவை' ஒன்று நிறுவுவோம். கம்பியை அறுப்போம், பொய்த் தரவு ஊட்டுவோம். ஒரு பொய்யை ஊட்டிப் பார்ப்பது யாருக்கும் தோன்றும். இரண்டாவது பொய்யை எத்தனை விநாடி கழித்து ஊட்டுவது என்று யோசிக்க, கொஞ்சம் விஷமப் புத்தி வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில்கூட, கடுமையான சூரியக் கதிர்வீச்சு கட்டுப்பாட்டுத் தரவைச் சிதைக்கக்கூடும் என்று ஏர்பஸ் அறிவித்ததும், உலகெங்கும் சுமார் 6,000 ஏ320 வகை விமானங்களுக்கு வேலை வந்தது. பெரும்பாலானவற்றில் பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றினார்கள். சில மணி நேர வேலை. புதிய பதிப்பு என்றாலே மேலானது என்று நினைக்கும் இளைஞர்கள் இதை விசாரித்துப் படிக்கலாம்.

காரைக்குடி பொறியியல் மாணவர்கள், எந்த நிரல்மொழி படித்தால் இந்த வேலைக்கு வரலாம் என்று கேட்கிறார்கள். சி மொழியும் அடா மொழியும் புழங்குகின்றன. வேலையில் சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம். முதல் ஆண்டு உங்களிடம் நிரல் எழுதும் வேலையே வராது. ஒரு கட்டுத் தேவைக் குறிப்புகளைக் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் ஓடுதளம் ஈரமாக இருந்தால், காற்று மாறினால், ஒரு கால் மட்டும் தொட்டால் என்று கேள்வி எழுதச் சொல்வார்கள். கேள்விகளில் முக்கால்வாசி "ஏற்கெனவே பார்த்தாயிற்று" என்று திரும்பி வரும். சம்பளமும் கைப்பேசிச் செயலி செய்யும் நண்பனுடையதைவிடக் குறைவாக இருக்கலாம். தெரிந்துகொண்டே வாருங்கள்.

நன்றி, வணக்கம்.