உடம்பு கொதிக்கிறது, நோயாளிக்கோ குளிர்கிறது: காய்ச்சல் எப்படி உருவாகிறது?

[திரையில்: தெர்மாமீட்டர், 39 டிகிரி செல்சியஸ்]

வார்டில் இதை முதல்முறை பார்க்கும் மாணவர் குழம்பித்தான் போவார். தெர்மாமீட்டர் 39 காட்டுகிறது, நெற்றியைத் தொட்டால் சுடுகிறது. நோயாளியோ பற்கள் தந்தியடிக்க, இன்னொரு போர்வை கேட்கிறார். சூடான உடம்புக்கு வியர்க்கத்தானே வேண்டும்? ஏன் குளிர்கிறது?

பதில் மூளையில் இருக்கிறது. ஹைப்போதலாமஸின் முன்பக்கத்தில் உள்ள பிரீஆப்டிக் பகுதிதான் உடல் வெப்பத்தைக் கவனிக்கிறது. ரத்தம் எவ்வளவு சூடு, தோல் எவ்வளவு சூடு என்ற தகவல் இரண்டும் அங்கே போய்ச் சேரும். அங்கிருந்து வரும் உத்தரவுப்படிதான் வியர்ப்பதும் நடுங்குவதும். உடம்பு எந்த வெப்பநிலையில் இருக்கவேண்டும் என்று அங்கே ஓர் இலக்கு உண்டு. அதைத்தான் செட் பாயிண்ட் என்கிறோம். வழக்கமாக 37 டிகிரியை ஒட்டி, விடியற்காலையில் கொஞ்சம் குறைவாகவும் மாலையில் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கும்.

காய்ச்சலில் உயர்வது முதலில் இந்த இலக்குதான். இலக்கு 39.5 ஆகிவிட்டால், 38-இல் இருக்கும் உடம்பு மூளையின் கணக்கில் குளிர்ந்த உடம்பு. அதனால்தான் போர்வை.

சரி, இலக்கை உயர்த்துவது யார்?

[அனிமேஷன்: பாக்டீரியா, அருகில் மேக்ரோஃபேஜ்]

ஒரு கிராம்-நெகட்டிவ் பாக்டீரியா உள்ளே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் வெளிச்சவ்வில் லிப்போபாலிசாக்கரைடு என்ற கொழுப்பு-சர்க்கரைப் பொருள் இருக்கிறது. கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்லான மேக்ரோஃபேஜின் மேற்பரப்பில் உள்ள டிஎல்ஆர்-4 ஏற்பி அதை அடையாளம் கண்டுகொள்ளும். அடுத்து சைட்டோகைன்கள், அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் புரதங்கள், வெளிவருகின்றன: இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப். காய்ச்சலை உண்டாக்கும் பொருள்தான் பைரோஜென். வெளியிலிருந்து வந்த பாக்டீரியாப் பொருளை வெளிப் பைரோஜென் என்றும், நம் செல்களே சுரக்கும் இந்தச் சைட்டோகைன்களை உள் பைரோஜென் என்றும் தேர்வில் எழுதுவீர்கள்.

இங்கே பல மாணவர்கள் ஒரு படியைத் தாண்டிவிடுகிறார்கள். சைட்டோகைன்கள் பெரிய புரதங்கள். ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி அவை எளிதில் மூளைக்குள் போக முடியாது. அப்படியானால் செய்தி எப்படிப் போகிறது? மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள எண்டோதீலியல் செல்கள் சைட்டோகைன்களை உணர்ந்து, காக்ஸ்-2 நொதியைக் கொண்டு புரோஸ்டாகிளாண்டின் இ2 தயாரிக்கின்றன. இது சிறிய கொழுப்பு மூலக்கூறு, அதனால் பக்கத்திலிருக்கும் பிரீஆப்டிக் பகுதிக்குச் சுலபமாகப் பரவிவிடும்.

அங்கே நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வெப்ப உற்பத்தியை எப்போதும் பிரேக் போட்டு அடக்கி வைத்திருக்கும் நரம்பணுக்கள் அங்கே உண்டு. புரோஸ்டாகிளாண்டின் இ2 அவற்றின் இபி3 ஏற்பியில் ஒட்டி, அவற்றையே அடக்கிவிடுகிறது. காய்ச்சல் என்பது ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதல்ல, பிரேக்கிலிருந்து காலை எடுப்பது. உடனே சிம்பதெடிக் நரம்புகள் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகின்றன. கை கால் சில்லிட்டுப் போவது அதனால்தான். எலும்புத் தசைகள் நடுங்கத் தொடங்குகின்றன. பச்சிளங்குழந்தைக்கு நடுக்கம் சரியாக வராது, அங்கே பழுப்புக் கொழுப்புதான் வெப்பம் தரும்.

கிருமி அடங்கியதும் இலக்கு மீண்டும் 37-க்கு இறங்கும். இப்போது 39.5-இல் இருக்கும் உடம்பு மூளைக்கு அதிகச் சூடு. ரத்தக்குழாய்கள் விரிகின்றன, வியர்த்துக் கொட்டுகிறது.

பாராசிட்டமால் எங்கே வேலை செய்கிறது என்று இனி நீங்களே சொல்லிவிடலாம். மூளையில் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தி குறைகிறது, இலக்கு இறங்குகிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று 1971-இல் காட்டியவர் ஜான் வேன். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இலக்கு இறங்காமல் உடம்பை மட்டும் ஐஸ் தண்ணீரால் துடைத்தால், மூளை விடாமல் இன்னும் நடுங்க வைக்கும்.

[திரை இரண்டாகப் பிரிகிறது: காய்ச்சல் / ஹீட் ஸ்ட்ரோக்]

ஹீட் ஸ்ட்ரோக்கில் கதை தலைகீழ். இலக்கு 37-லேயே இருக்கிறது, வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் உடம்பு 40-ஐத் தாண்டுகிறது, நோயாளி நினைவு தடுமாறுகிறார். இங்கே பாராசிட்டமாலுக்கு வேலையே இல்லை. வேகமாக வெளியிலிருந்து குளிர்விக்க வேண்டும். மயக்க மருந்தால் வரும் மலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியாவும் காய்ச்சல் அல்ல. அது தசைக்குள் கால்சியம் கட்டுப்பாடின்றி வெளியேறுவதால் வரும் வெப்பம், மருந்து டான்ட்ரோலீன். வெப்பநிலையை மட்டும் பார்த்தால் இந்த மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் மருத்துவம் மூன்றுக்கும் வேறு.

காய்ச்சலால் பயன் உண்டா? 1975-இல் மாத்யூ க்ளூகர் குழுவினர் பாலைவன இகுவானா பல்லிகளுக்கு நோய்க்கிருமி செலுத்தி, வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தார்கள். சூடான சூழலில் இருந்தவையே அதிகம் பிழைத்தன. தானாக வெப்பம் உண்டாக்க முடியாத இந்தப் பிராணி, நோய் வந்தால் சூடான இடத்தைத் தேடிப் போகும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. அதை வைத்து மனிதருக்கும் காய்ச்சலைக் குறைக்கவே கூடாது என்று முடிவு கட்டுவது அவசரம். 2015-இல் வெளியான ஹீட் (HEAT) என்ற ஆய்வில், தொற்று சந்தேகத்தோடு தீவிர சிகிச்சையில் இருந்த 700 பேரில் ஒரு பிரிவுக்குப் பாராசிட்டமாலும் மறுபிரிவுக்குப் போலி மருந்தும் கொடுத்தார்கள். தீவிர சிகிச்சை தேவைப்படாத நாட்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இன்னொரு பக்கம், ஒவ்வொரு டிகிரிக்கும் வளர்சிதை வேகம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. பலவீனமான இதயத்துக்கு அது பெரிய சுமை.

கடைசியாக ஒரு நோயாளி. கீமோதெரபி எடுத்தவர், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுவான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்கும் கீழ். தொற்று இருந்தாலும் சீழ் பிடிக்காது, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம், ஏனென்றால் சீழை உண்டாக்கும் செல்களே இல்லை. ஆனால் காய்ச்சலுக்கு நியூட்ரோஃபில் கட்டாயமில்லை. திசுக்களில் மிஞ்சியிருக்கும் மேக்ரோஃபேஜும் எண்டோதீலியமும் போதும். அவரிடம் 38.3 என்ற ஒரே ஓர் அளவுகூட அவசர நிலைதான். கிருமியைக் கண்டறிய ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். அதே நோயாளி ஸ்டீராய்டும் எடுத்துக்கொண்டிருந்தால் சைட்டோகைன் சுரப்பே மட்டுப்படும், காய்ச்சல் தலைகாட்டாமலும் போகலாம். அப்போது நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் மூச்சின் வேகத்தையும்தான் பார்க்க வேண்டும்.