ஒரே கோடையில் இரண்டு ஒப்பந்தங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தில்லிக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. பல்கலைக்கழகங்களில் இறையாண்மை, எல்லை என்று எந்தக் கருத்தரங்கு நடந்தாலும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவது என் வழக்கம். தேநீர் இடைவேளையில் நான் தமிழன் என்று தெரிந்ததும், சமோசாவும் கையுமாக யாரேனும் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: 'கச்சத்தீவை ஏன் கொடுத்தார்கள்?'

கொடுத்தார்களா என்பதல்லவா முதல் கேள்வி? 1974 மே மாதம் வங்கதேசத்துடன் நில எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த மாதமே, கச்சத்தீவை இலங்கையின் பக்கம் வைத்த கடல் எல்லை ஒப்பந்தமும் கையெழுத்தானது. இரண்டிலும் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் இந்திரா காந்தி. ஆனால், இந்திய நிலத்தை அயல்நாட்டுக்கு அளிப்பதானால் அரசியலமைப்பையே திருத்த வேண்டும் என்று, மேற்கு வங்கத்தின் பேருபாரியில் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்கு அளிக்கும் விவகாரத்தில் 1960இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. ஆகவே வங்கதேச ஒப்பந்தத்துக்காக 100ஆவது திருத்தம் நிறைவேறி, 2015 ஜூலை 31 நள்ளிரவில்தான் அங்கிருந்த 111 இந்தியத் திட்டுகளும் இங்கிருந்த 51 வங்கதேசத் திட்டுகளும் கைமாறின. திட்டு என்பது, மற்ற நாட்டு நிலம் சுற்றிலும் சூழ்ந்திருக்கும் ஒரு நாட்டின் நிலத்துண்டு.

திட்டு என்றதும் எனக்கு நாக்கு நிற்காது. 2015 வரை தஹலா காக்ராபாரி என்றொரு சிறு வயல் அப்படி இருந்தது. படமில்லாமல் சொல்வதானால், ஒரு வெங்காயத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் இந்திய வயல், அதைச் சுற்றி வங்கதேசத்துத் திட்டு, அதைச் சுற்றி இந்தியத் திட்டு, அதற்கும் வெளியே வங்கதேசம். இதை நான் சொல்லாத இடைவேளை இல்லை.

கச்சத்தீவுக்கு ஏன் திருத்தம் வரவில்லை? 285 ஏக்கர் கொண்ட அத்தீவு உரிமை முடிவாகாத இடம், எனவே எதையும் கொடுக்கவில்லை, எல்லையை வரையறுத்தோம் என்பது அரசின் வாதம். கொடுத்தல், வரையறுத்தல்: மேடையில் இவ்விரண்டையும் ஒன்றுபோலப் புழங்கிவிடுகிறார்கள். அந்த வாதத்தை ஏற்பதும் மறுப்பதும் இந்த இரு சொற்களில்தான் இருக்கிறது.

ஒருமுறை தங்கச்சிமடத்து மாணவி ஒருவர் எழுந்து, தம் தாத்தா அத்தீவில் வலை உலர்த்திய கதையைத் தொடங்கினார். 'கேள்வி மட்டும்' என்றார் தலைவர். ஒலிவாங்கி அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. மீனவரும் யாத்திரிகரும் பயண ஆவணமின்றித் தீவுக்கு வரலாம் என்கிறது ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு. வலை உலர்த்துவது அந்தப் பிரிவில் எழுதப்படவில்லை. அந்தப் பெண்ணைப் பேச விட்டிருந்தால் அன்று அவையே அதைக் கேட்டிருக்கும்.

1976இல் இந்தியாவும் இலங்கையும் பரிமாறிக்கொண்ட கடிதங்களை விரித்துச் சொல்ல எண்ணியிருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். அனுமதியின்றி ஒருவர் கடற்பரப்பில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்றன அவை, அவ்வளவே. வணக்கம்.