அந்தப் பக்கத்தில் அவனுக்கு என்ன தெரியும்?

அனைவருக்கும் வணக்கம்.

காட்டில் தனியாக மாட்டிக்கொண்டு உயிர்பிழைக்கும் கதைகளை வாசிப்புக் குழுவில் எப்படிப் பேசலாம்? இன்று அதைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன். உங்கள் வகுப்பில் இப்போது படித்துக்கொண்டிருக்கும் கேரி பால்சனின் 'ஹாட்செட்' நாவலையே எடுத்துக்கொள்வோம்.

கதை உங்களுக்குத் தெரியும். பிரையனுக்கு 13 வயது. பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். கனடாவில் இருக்கும் அப்பாவிடம் சிறு விமானத்தில் போகும்போது விமானிக்கு மாரடைப்பு. விமானம் ஏரியில் விழுகிறது. அம்மா கொடுத்த கைக்கோடரி மட்டும் இடுப்பில் இருக்கிறது. 54 நாள்.

புத்தகத்தைப் பேச உட்கார்ந்ததுமே யாராவது கேட்டுவிடுவார்கள்: "நீயா இருந்தா என்ன செஞ்சிருப்பே?" இந்தக் கேள்வியில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒருவர் மரத்தில் ஏறுவேன் என்பார், இன்னொருவர் நடந்தே ஊர் போய்ச் சேருவேன் என்பார். பேச்சு களைகட்டும், ஆனால் பிரையன் அதில் இருக்க மாட்டான். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இந்தப் பக்கத்தில் அவனுக்கு என்ன தெரியும்? போன பக்கத்தில் தெரியாதிருந்த எது இப்போது தெரிந்திருக்கிறது?

நெருப்பு வரும் பகுதியைப் பாருங்கள். இருட்டில் குகைக்குள் முள்ளம்பன்றி வருகிறது. பயந்துபோய்க் கோடரியை வீசுகிறான். குறி தவறிக் கல்சுவரில் படுகிறது, பொறி பறக்கிறது. அவன் கண்ணில் பட்டாலும் மனதில் பதியவில்லை, ஏனென்றால் காலில் முட்கள் ஏறியிருக்கின்றன. அழுகிறான். அழுது முடித்தபிறகும் கால் வலிக்கிறது, இருட்டு இருக்கிறது, எதுவும் மாறவில்லை. தன்னிரக்கம் வேலைக்கு ஆகாது என்று அங்கேதான் அவனுக்குப் புரிகிறது. கோடரி கல்லில் பட்டால் நெருப்பு என்பது உறைப்பது அதற்கும் அப்புறம்தான்.

சரி, பொறி கிடைத்துவிட்டது, நெருப்பு வந்துவிட்டதா? இல்லை. காய்ந்த புல் பற்றவில்லை. பையிலிருந்த 20 டாலர் நோட்டைக் கிழித்துப் போடுகிறான், அதுவும் பற்றவில்லை. பிர்ச் மரப்பட்டையை நூல் நூலாக உரித்துக் குவிக்கிறான். பொறி ஒட்டுகிறது, உடனே அணைகிறது. நெருப்புக்குக் காற்று வேண்டும் என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்து ஊதிய பிறகுதான் சுடர் எழுகிறது. இந்த ஒவ்வொரு தோல்வியிலும் அவன் என்ன கற்றான் என்று பேசினாலே ஒரு மணி நேரம் போதாது. பின்னால் மீன் பிடிக்கும் இடமும் இப்படித்தான். நீரில் ஒளி வளைவதால் மீன் இருக்கும் இடம் வேறு, தெரியும் இடம் வேறு என்று கண்டுபிடித்த பிறகே அவன் அம்பு சரியாகப் பாய்கிறது.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்றும் குழுவில் ஒருவர் கேட்பார். நல்ல சந்தேகம்தான். 1971-இல் பெருவில் விமானம் நடுவானில் சிதறி, அமேசான் காட்டில் விழுந்த யூலியானே கோப்கே என்ற 17 வயதுப் பெண் 11 நாள் கழித்து உயிரோடு மீண்டார். பெற்றோர் விலங்கியலாளர்கள். ஓடையைப் பிடித்துக்கொண்டு போனால் மனிதர்களிடம் போய்ச் சேரலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கேயும் காப்பாற்றியதில் அறிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் நீங்கள் வாதாட வேண்டிய இடம் கடைசிப் பகுதி. சூறாவளிக்குப் பிறகு விமானத்தின் வால் நீருக்கு மேலே வருகிறது. உள்ளே துப்பாக்கி இருக்கிறது, லைட்டர் இருக்கிறது. அவன் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவனோ தயங்குகிறான். துப்பாக்கி கையில் இருந்தால் காட்டைப் புரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது என்று அவனுக்குப் படுகிறது. அந்தத் தயக்கம் நியாயம் என்பது என் கட்சி. பட்டையை உரித்து உரித்துக் கற்றதெல்லாம் ஒரு சொடுக்கில் வேண்டாததாகிவிடுகிறதே! பசித்த பிள்ளைக்கு இப்படியெல்லாம் தோன்றாது, அது ஆசிரியரின் குரல் என்றும் நீங்கள் சொல்லலாம். எந்தப் பக்கம் நின்றாலும், அதற்கான வரியைப் புத்தகத்திலிருந்து எடுத்துப் படித்துக் காட்டிவிட்டுப் பேசுங்கள்.