ஒரு பழம், மூன்று நாட்டுப் பிள்ளைகள்

வணக்கம், நேயர்களே.

ஜூன் மாதம் பிறந்தால் நம் மொரிசியஸின் பிளேன் ஷாம்பான் சாலையோரம் கார்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குடும்பம் குடும்பமாகப் புதருக்குள் நுழைந்து சீனக் கொய்யா பறிக்கிறோம். நெல்லிக்காய் அளவில் சிவந்த பழம். உப்பும் மிளகாயும் தொட்டுக் கடித்தால் நாக்கு விடாது. என் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு அது உயிர். அந்தப் புதர்தான் மொரிசியஸ் காட்டின் கழுத்தை நெரிக்கிறது என்று அவர்களிடம் சொல்ல எனக்கு நெடுநாள் மனம் வரவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை அவர்களை பிளாக் ரிவர் தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். வேலிக்கு வெளியே கொய்யாத் தண்டுகள் கம்பிக் கட்டுபோல நெருங்கி நின்றன. அடியில் வேறு செடி இல்லை. களையெடுத்துக் காத்த வேலிக்குள் முழங்கால் உயரக் கருங்காலிக் கன்றுகள். ஒரு சிறுமி குந்தி அமர்ந்து ஓர் இலையை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். இந்தத் தீவில் நல்ல நிலையிலுள்ள இயற்கைக் காடு 2 சதவீதத்துக்கும் குறைவு என்பதை அன்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரம் பக்கத்துத் தீவான ரீயூனியனிலுள்ள ஒரு வகுப்போடு காணொளியில் பேசினோம். அவர்களும் 2024 பொங்கலன்று பெலால் புயலைக் கண்டவர்கள். அங்கே கூரைகள் பறந்த கதை. இங்கே போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்த கதை. பேச்சு கொய்யாவுக்கு வந்ததும் அவர்கள் துள்ளினார்கள். அவர்களுடைய பிளேன் தே பால்மிஸ்த் ஊரில் அந்தப் பழத்துக்கு ஆண்டுதோறும் திருவிழாவே நடக்கிறது! அங்கேயும் அது காட்டை விழுங்குகிறது. புயல் மரத்தைச் சாய்த்து வெளிச்சம் விழுந்த இடத்தில் கொய்யா முந்திக்கொள்கிறது. புயல்கள் வலுக்கும் காலத்தில் இது சிறிய செய்தியல்ல. புவியைச் சூடாக்கும் கரியமில வாயுவிலிருந்து மெல்ல வளரும் கருங்காலி பிடித்துவைக்கும் கார்பன் நூற்றாண்டுக் கணக்கில் மரத்துக்குள்ளேயே இருக்கும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன்தான்.

இந்தக் கொய்யாவின் தாயகம் பிரேசில். அங்கே அதன் இலையைத் தாக்கும் பூச்சிகள் உண்டு. அதனால் மற்ற மரங்களோடு ஒன்றாய் அடங்கி நிற்கிறது. இதைப் பிரேசில் பிள்ளை ஒருவன் வாயால் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. 1995இல் தொடங்கிய குளோப் திட்டத்தில் பல நாட்டுப் பள்ளிகள் ஒரே முறையில் மரத்தை அளந்து கணக்கைப் பகிர்ந்துகொள்கின்றன. வாழ்த்தட்டை அனுப்புவதைவிட அது மேல். மார்பு உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி நாடா பிடித்த பிள்ளை அந்த மரத்தை மறப்பதில்லை.

நம் பிள்ளைகளிடமும் உலகத்துக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. மலைச்சரிவிலும் ஆற்றோரத்திலும் காட்டை வெட்டக் கூடாது என்று 1769இலேயே, பிரெஞ்சு நிர்வாகி பியேர் புவாவ்ர் காலத்தில் இங்கே சட்டம் வந்தது. சட்டம் இருந்தும் காடு ஏன் போயிற்று? ரீயூனியன் பையன் ஒருவன் அதைத்தான் கேட்டான். என் வகுப்பு இரண்டு வாரமாக விடை எழுதிக்கொண்டிருக்கிறது. முதல் வரியில் கரும்பு என்று இருக்கிறது.