விருந்தினர் இயங்குதளமும் விளையாட்டும்

நேயர்களுக்கு வணக்கம். மடிக்கணினியில் இருக்கும் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தைக் கலைக்காமல், அதற்குள்ளேயே இன்னோர் இயங்குதளத்தை நிறுவி, அதில் விளையாட்டுகளையும் ஆட முடியுமா என்பது பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி. முடியும். ஆனால் இயங்குதளத்தைப் பொறுத்தவரை எவ்விதத் தயக்கமும் இல்லாமல் சொல்லக்கூடிய அந்த விடையை, விளையாட்டைப் பொறுத்தவரை அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் பிராசஸர் அல்ல, கிராஃபிக்ஸ் கார்டு என்பதைத்தான் இன்று விளக்க விரும்புகிறேன்.

இதற்கு உதவும் மெய்நிகர் இயந்திரம் என்பது மென்பொருளால் கட்டிய ஒரு கணினி. அதற்கென்று ரேம், வட்டு, திரை, இணைய இணைப்பு எல்லாம் உண்டு. தன் வட்டு என்று அது எடுத்துக்கொள்வது உண்மையில் நம் வட்டில் கிடக்கும் ஒரு பெரிய கோப்புதான். உள்ளே குடியேறும் இயங்குதளத்தை விருந்தினர் என்றும், வெளியே இருப்பதைப் புரவலர் என்றும், இரண்டுக்கும் நடுவில் நின்று வளங்களைப் பங்கிடும் மென்பொருளை ஹைப்பர்வைசர் என்றும் அழைக்கிறோம். இது அண்மையில் தோன்றிய உத்தி அன்று. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே தன் பெருங்கணினிகளில் இதைச் செய்து பார்த்து, 1972இல் விஎம்/370 என்ற பெயரில் வெளியிட்டது. நம் மேசைக்கு வந்த எக்ஸ்86 பிராசஸர்களோ இதற்கு இசைந்து கொடுக்கவில்லை. இயங்குதளத்துக்கு மட்டுமே உரிய சில கட்டளைகளை உரிமை இல்லாத நிலையிலிருந்து கொடுத்தால், அவை பிழை என்று அறிவிக்காமல் ஓசையின்றி வேறுவிதமாக நடந்துகொண்டதால், ஹைப்பர்வைசர் குறுக்கிட வழியே இல்லாமல் போயிற்று. 1999இல் விஎம்வேர் நிறுவனம் அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதும் முறையால் இந்தத் தடையைக் கடந்தது. 2005இல் இன்டெலும் அடுத்த ஆண்டில் ஏஎம்டியும் அதற்கான வசதியைப் பிராசஸருக்குள்ளேயே வைத்துவிட்டன. இப்போது விருந்தினரின் கட்டளைகளில் பெரும்பகுதி உண்மையான பிராசஸரிலேயே நேரடியாக ஓடுகிறது. ஆவணம் எழுதும்போதோ நிரல் எழுதும்போதோ வேகக் குறைவை நாம் உணராததற்கு அதுவே காரணம்.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சில மடிக்கணினிகளில் பிராசஸரின் இந்த வசதி, இயங்குதளத்துக்கு முன்பே ஓடத் தொடங்கும் பயாஸ் அமைப்பில் அணைக்கப்பட்டிருக்கும். இன்டெல் கணினியில் விடி-எக்ஸ் என்றும், ஏஎம்டி கணினியில் எஸ்விஎம் என்றும் இருப்பதைத் தேடி இயக்க வேண்டும். விருந்தினருக்கு ரேமை அள்ளிக் கொடுப்பதும் தவறு. 8 ஜிபி உள்ள கணினியில் 6 ஜிபியை உள்ளே கொடுத்தபோது, புரவலர் மூச்சுத் திணறி வட்டைச் சுரண்டத் தொடங்கியதையும், அதனால் இரண்டு இயங்குதளங்களும் சேர்ந்து நின்றுபோனதையும் நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். பாதி கொடுத்ததும் இரண்டும் சீராக ஓடின. மெய்நிகர் இயந்திரங்களை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை விண்டோஸில் பயன்படுத்துவோர் சாளரத்தின் அடிப்பட்டையில் ஒரு பச்சை ஆமைச் சின்னம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால், விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி பிராசஸரின் வசதியை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறது என்றும், விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகவே மெதுவாக நடக்க வேண்டியிருக்கிறது என்றும் பொருள்.

இனி விளையாட்டுக்கு வருவோம். பிராசஸரின் நேரத்தைத் துண்டுதுண்டாக வெட்டிப் பலருக்கும் கொடுக்கலாம். கிராஃபிக்ஸ் கார்டை அப்படிப் பங்கிடுவது எளிதன்று. ஆகவே ஹைப்பர்வைசர் விருந்தினரிடம் ஒரு பொய்க் கார்டைக் காட்டுகிறது. விளையாட்டு அந்தக் கார்டுக்கு இடும் வரைகலைக் கட்டளைகளை, விருந்தினரில் அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் திரட்டி வெளியே அனுப்ப, புரவலரின் மென்பொருள் அவற்றைத் தனக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி, உண்மையான கார்டிடம் கொடுத்து, வரைந்து வந்த படத்தை மீண்டும் சாளரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லி நொடி மட்டுமே. இத்தனை கைமாறல்களும் அதற்குள் முடிந்தாக வேண்டும். அட்டை விளையாட்டும் சதுரங்கமும் இதைப் பொருட்படுத்துவதில்லை; முப்பரிமாண உலகில் விரைந்தோடும் புதிய விளையாட்டுகள் திக்கித் திணறுகின்றன, அல்லது தொடங்கவே மறுக்கின்றன.

எல்லாம் சரியாக இருந்தும் மவுஸ் ஏமாற்றுவதுண்டு. லேசாக நகர்த்தினாலே பார்வை கிறுகிறுவென்று சுழன்று வானத்தைப் பார்த்து நின்றுவிடும். இதைக் கார்டின் கோளாறு என்று எண்ணி டிரைவரை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். விளையாட்டு, மவுஸ் எவ்வளவு நகர்ந்தது என்று கேட்கிறது. மெய்நிகர் இயந்திரமோ, திரையில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று பதில் சொல்கிறது. விர்ச்சுவல்பாக்ஸின் இன்புட் மெனுவில் மவுஸ் இன்டக்ரேஷன் என்பதை அணைத்தால் பார்வை உடனே அடங்கும். மவுஸ் அதன்பின் சாளரத்துக்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். வலப்பக்கக் கன்ட்ரோல் விசை அதை விடுவிக்கும்.

உண்மையான கார்டையே விருந்தினரிடம் முழுமையாக ஒப்படைக்கவும் வழி உண்டு. லினக்ஸில் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசரையும், கார்டை ஒப்படைக்க உதவும் விஎஃப்ஐஓ என்ற வசதியையும் கொண்டு இப்படிச் செய்தால், நேரடியாக நிறுவிய விண்டோஸுக்கு மிக நெருங்கிய வேகம் கிடைக்கும். மேசைக்கணினியில் இரண்டு கார்டுகள் வைத்திருப்போருக்கு நான் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மடிக்கணினியின் நிலை வேறு. பல மடிக்கணினிகளில் தனிக் கார்டு திரையோடு நேரடியாக இணைக்கப்பட்டிருப்பதில்லை. அது வரைந்த படம் பிராசஸரோடு கூடிய சிறு கிராஃபிக்ஸ் வழியாகவே திரைக்கு வருகிறது. அத்தகைய கார்டைப் பிரித்துக் கொடுத்தால் விருந்தினருக்குப் படம் காட்டத் திரையே இருக்காது. சுற்றுவழிகள் உள்ளன என்றாலும், முதல் முயற்சியாக இதில் இறங்குவது நல்லதல்ல.

லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டு ஆடுவது மட்டுமே நோக்கமென்றால், மெய்நிகர் இயந்திரத்தைவிட, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டுவதற்காக 1993இல் தொடங்கிய வைன் திட்டத்தின் மேல் கட்டப்பட்டு 2018இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டானை முதலில் முயல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்கே இரண்டாவது இயங்குதளமே இல்லை. விண்டோஸ் அழைப்புகள் லினக்ஸ் அழைப்புகளாக மாறுகின்றன, அவ்வளவுதான். இணையவழிப் போட்டி விளையாட்டுகளில் சில, மோசடித் தடுப்பு மென்பொருளின் காரணமாக மெய்நிகர் இயந்திரத்தைக் கண்டாலே வெளியேற்றிவிடும். அதை மறைத்து நுழைய முயன்று கணக்கை இழக்க வேண்டாம்.

பழைய விளையாட்டுகளின் மேல் எனக்குத் தனி அன்பு உண்டு. மெய்நிகர் இயந்திரத்தின் உண்மையான பயன் அங்கேதான் எனக்குக் கிடைத்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து இருபரிமாண விளையாட்டுகளை, இணைய இணைப்பைத் துண்டித்த ஓர் எக்ஸ்பி விருந்தினரில் நிறுவி, நிறுவுமுன் விருந்தினரின் அப்போதைய நிலையைப் பதிவுசெய்யும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால், எது பழுதானாலும் சில நொடிகளில் பழைய நிலைக்குத் திரும்பலாம். அதற்கும் முந்தைய டாஸ் இயங்குதளத்து விளையாட்டுகளுக்கு இந்த வழி ஒத்துவராது. பிராசஸரின் வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதப்பட்டவை அவற்றில் பல. மெய்நிகர் இயந்திரம் இன்றைய வேகத்தை அப்படியே கொடுத்துவிடுவதால், எதிரி தோன்றும் முன்பே ஆட்டம் முடிந்துவிடும். அவற்றுக்கு டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் வேண்டும். அது பழைய பிராசஸரையே மென்பொருளில் நடித்துக் காட்டுவதால் வேகம் நம் கையில் இருக்கிறது. கன்ட்ரோலோடு எஃப்11 விசையை அழுத்த அழுத்த ஆட்டம் படிப்படியாக நிதானமடையும்; அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டால், கன்ட்ரோலோடு எஃப்12 அதை மீண்டும் கூட்டிவிடும்.

வணக்கம்.