உங்க சில்லி பாடி செடியும் ஸ்டீராய்டு போடுது! கடையில விக்கிற செடி ஸ்டீராய்டு பாட்டிலைத் திறக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

[திரையில்: வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) தாழ்வாரம். கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டும் மிளகாய்ச் செடி]

ஓட்டக்காரர் ஸ்டீராய்டு போட்டா பதக்கத்தைப் பிடுங்கிடுவாங்க. உங்க வாசல்ல நிக்கிற சில்லி பாடி முளைச்சதுலேருந்து ஸ்டீராய்டுலதான் ஓடுது, கேக்க ஆளில்ல. அது சுரக்காத செடியைப் பாத்தா பாவமா இருக்கும்: குள்ளம், கரும்பச்சை, சுருண்ட இலை, மகரந்தமும் ஒழுங்கா இருக்காது.

பேரு பிராசினோஸ்டீராய்டு, செடியோட வளர்ச்சி ஹார்மோன். வரலாறு பத்தே விநாடி: 1979, அமெரிக்கா. கடுகு இனத்து ரேப் செடியிலேருந்து தேனீக்கள் சேர்த்த மகரந்தம் 227 கிலோ. அதுலேருந்து கிடைச்சது 4 மில்லிகிராம், ஒரு அரிசி மணியில ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு. முடிஞ்சது வரலாறு.

இப்பதான் எனக்குப் பிடிச்ச இடம். நம்ம உடம்புல ஸ்டீராய்டு ஹார்மோன் வீட்டுப் பிள்ளை மாதிரி, கையில சாவி இருக்கு. செல்லுக்குள்ள நேரா போய், அங்க இருக்கிற ஏற்பியோட (ஹார்மோனைப் பிடிக்கிற புரதம்) சேர்ந்து, எந்த மரபணு வேலை செய்யணும்னு உட்கருவிலயே சொல்லிடும். செடியில அதே வம்சத்து மூலக்கூறு பார்சல் கொண்டுவர்ற தம்பி மாதிரி: கேட்டுக்கு வெளியில நின்னு மணி அடிக்கும், உள்ள வராது. அந்த மணி செல் சவ்வுல இருக்கிற பி.ஆர்.ஐ.1 ஏற்பி. பக்கத்துல பி.ஏ.கே.1னு ஒரு புரதம் கைகோத்தாத்தான் சேதி உள்ள போகும்.

உள்ள ஒரு கண்டிப்பான மாமா இருக்காரு, பேரு பின்2. வளர்ச்சி மரபணுக்களை இயக்குற பி.இசட்.ஆர்.1 புரதத்து மேல பாஸ்பேட் முத்திரை குத்திக் குத்தி, உட்கருப் பக்கமே அண்டவிடாம வச்சிருப்பாரு. மணி அடிச்சா மாமா அடங்குவாரு, முத்திரை கழலும், செல் நீளும்.

இன்னொண்ணு கேளுங்க. இந்த ஹார்மோன் செய்ய டெட்2னு ஒரு நொதி வேணும். அது கெட்டுப்போன குள்ளச் செடிக்குள்ள, நம்ம உடம்புல டெஸ்டோஸ்டிரோனை மாத்துற நொதியோட மரபணுவை 1997ல வச்சுப் பாத்தாங்க. செடி நிமிர்ந்து வளர்ந்துச்சு! ஆண்களுக்கு வழுக்கை விழாம இருக்கக் கொடுக்கிற ஃபினாஸ்டரைடு மாத்திரை மறிக்கிறதும் அந்தக் குடும்பத்து நொதியைத்தான். மாமனார் தலைக்கும் மிளகாய்ச் செடிக்கும் இப்படி ஒரு சொந்தம்.

வறட்சி வந்தா? அப்சிசிக் அமிலம்னு செடியோட இன்னொரு ஹார்மோன் பின்2 மாமாவை முறுக்கி விடும். அவர் வளர்ச்சியை நிறுத்துவாரு, வறட்சிப் பாதுகாப்பையும் அவரே முடுக்குவாரு. அதனாலதான் வளர்ச்சி, தாங்குதிறன் ரெண்டையும் ஒண்ணாக் கூட்டுறது கஷ்டம். ஆனா 2018ல பார்சிலோனா ஆய்வாளர்கள் பி.ஆர்.எல்.3னு இன்னொரு ஏற்பியை அரபிடாப்சிஸ்ங்கிற ஆய்வுக்கூடச் செடியில கூட்டினாங்க. வேர்ல சர்க்கரையும் புரோலின்ங்கிற அமினோ அமிலமும் சேர்ந்துச்சு, செடி குள்ளமாகாமலே வறட்சியைத் தாங்குச்சு.

[திரையில்: 1 மில்லி சிரிஞ்சு, மேசைக்கரண்டி]

சரி, பாட்டில். 0.01 சதவீதம்னு போட்டிருந்தா லிட்டருக்கு 100 மில்லிகிராம். அதுல 1 மில்லியை 1 லிட்டர் தண்ணியில கலந்தா 0.1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். மேசைக்கரண்டியில ஊத்தினா 15 மில்லி, அதாவது பதினைஞ்சு மடங்கு! தயவுசெஞ்சு சிரிஞ்சு எடுங்க, உங்க பயிருக்கு லேபிள்ல என்ன அளவுன்னும் பாருங்க. அளவு மீறினா தண்டு நூலா நீளும், வேர் குட்டையாகும். இந்த ஹார்மோன் செடிக்குள்ள தூரமா பயணம் போகாது, அதனால மண்ணுல கொட்டாதீங்க. சாயங்காலம், மழை இல்லாத நாள்ல, இலையோட ரெண்டு பக்கமும் நனையத் தெளிங்க. ஒரு தொட்டிக்கு வெறும் தண்ணி மட்டும் தெளிச்சு வைங்க, இல்லைன்னா மருந்து வேலை செஞ்சுதா, வானிலை வேலை செஞ்சுதான்னு தெரியவே தெரியாது.

தாழ்வாரச் செடிக்கு என் பதில் வேற: வாங்காதீங்க. நிழல்ல செடி கழுத்தை நீட்டுறதே இந்த ஹார்மோன் துணையோடதான். மேல தெளிச்சா இன்னும் நீண்டு, காய் பிடிச்சதும் சாயும். தொட்டியை வெயில் விழுற பக்கம் நகர்த்துங்க, நுனியைக் கிள்ளிவிடுங்க.

உங்க தாழ்வாரத்துல வெயில் எத்தனை மணி நேரம் விழுது? கமெண்ட்ல போடுங்க. புளோக் நம்பர் வேணாம், எந்தத் திசையைப் பாத்த வாசல்னு சொன்னா போதும்.